மருந்து படாத புல்தரை

தானே புயல் நெய்வேலி நகரியத்துக்குள் புகுந்து போனபோது, பொற்கொடி வேலை பார்த்த பூங்காவில் ஏழு தூங்குமூஞ்சி மரங்களில் ஐந்து விழுந்துவிட்டன. மிஷின் ரம்பம் வைத்து அவற்றைத் துண்டு போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போய் முடிக்கப் பொங்கல் ஆகிவிட்டது. மிச்சம் நின்ற இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், கிளை ஒடிந்து, மொட்டை அடித்த மாதிரி நின்றன. பிழைக்குமோ பிழைக்காதோ என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மாசி கடைசியில்தான் முதல் தளிர் விட்டது.

பொற்கொடிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து, குவார்ட்டர்ஸ்களுக்கு நடுவே இருந்த அந்தப் பூங்காவில் புல்தரையைப் பார்த்துக்கொள்ளும் காண்ட்ராக்ட் வேலை. புருஷன் காமாலையில் போய்ச் சேர்ந்த வருஷம் இந்த வேலைக்கு வந்தாள். பக்கத்தில் யாரும் இல்லாமல் அழுவதற்கு அன்றைக்கு அவளுக்கு வாய்த்த இடம் அந்த இரண்டு மரங்களின் அடிதான். வீட்டில் அழுதால் சின்னப் பிள்ளையாக இருந்த மகள் வெண்மதியும் சேர்ந்து அழுவாள். இங்கே மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள். அதெல்லாம் ஓய்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. மகளையும் குள்ளஞ்சாவடியில் கட்டிக் கொடுத்தாயிற்று. ஆனாலும் மத்தியானச் சாப்பாடு அந்த மரத்தடியில்தான். வேறு இடத்தில் உட்கார்ந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

மரங்கள் விழுந்த இடத்தில் வெயில் இறங்கியது. அதுவரை நிழலில் தலைதூக்காமல் கிடந்ததெல்லாம் எழுந்துகொண்டது. சித்திரைக்குள் கோரை பரவிவிட்டது. அம்மான் பச்சரிசியும் மூக்கிரட்டையும் தரையோடு தரையாகப் பாய் விரித்தன. எல்லாவற்றுக்கும் மேலே நெருஞ்சி. சாயங்காலம் விளையாட வந்த பிள்ளைகள் காலைத் தூக்கிக்கொண்டு நொண்டினார்கள். குவார்ட்டர்ஸ் பெண்கள் வந்து குறைப்பட்டார்கள். பொற்கொடியும் அவளோடு வேலை பார்த்த கஸ்தூரியம்மாளும் காலையிலிருந்து குந்தி உட்கார்ந்து பிடுங்கினாலும் ஒரு பக்கம் முடிவதற்குள் மறுபக்கம் முளைத்து நின்றது.

ஆனி மாதம் ஒரு நாள் முதுகில் மருந்து டேங்க்கை மாட்டிக்கொண்டு ஒரு ஆள் வந்து நின்றார். ஒல்லி. காதோரம் நரை. கழுத்தில் துண்டு. பெயர் கொளஞ்சியப்பன். பூக்கிற காலத்தில் முந்திரித் தோப்புகளுக்கு மருந்தடிப்பதுதான் அவர் பிழைப்பு. புயலில் தோப்புகளெல்லாம் வேரோடு சாய்ந்த பிறகு அந்தப் பிழைப்பும் சாய்ந்துவிட்டது. காண்ட்ராக்டரிடம் சொல்லி வைத்து, நகரியத்தில் களைக்கு மருந்தடிக்க வந்திருந்தார்.

பொற்கொடி மரத்தடியில் உட்கார்ந்து நெருஞ்சிக் கொடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் எழுந்து அந்தப் பக்கம் போறீங்களா? மருந்து அடிக்கணும்."

"எதுக்கு மருந்து?"

"களைக்குத்தான். காண்ட்ராக்டர் அனுப்பிச்சாரு."

"மரத்துக்கு ஒண்ணும் ஆவாதா?"

"புல்லுக்கே ஒண்ணும் ஆவாதுங்க. களை மட்டுந்தான் சாவும். இம்மாம் பெரிய மரத்த இந்த மருந்து என்னா பண்ணிடப் போவுது?"

அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. மறுத்துச் சொல்ல அவளிடம் ஒரு காரணமும் இல்லை. ஆனால் எழுந்திருக்க மனம் வரவில்லை.

"இப்பதான் துளுத்துகினு வருது. மொதல்ல அந்தக் கெழக்கு ஓரத்துல அடிங்க. ஒரு பத்துப் பதினஞ்சு நாளு பாப்போம். மரத்தடிக்கு அப்பறம் வாங்க."

அன்றைக்கே முழுப் பூங்காவையும் அடித்து முடிக்கச் சொல்லித்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். கொளஞ்சியப்பன் மரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கிழக்கு ஓரத்துக்குப் போனார். சாயங்காலம் காண்ட்ராக்டரின் ஆள் வந்து கேட்டபோது, டேங்க் ரிப்பேர் என்று சொல்லிச் சமாளித்துவிட்டார். எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னார் என்று பின்னாளில் பொற்கொடி கேட்டதுண்டு. "நீ கோவமாவும் கேக்கல, கெஞ்சவும் இல்ல. சும்மா கேட்ட. அத மீறிப் போவ முடியல" என்றார்.

கிழக்கு ஓரத்தில் மருந்து வேலை செய்தது. ஒரு வாரத்தில் நெருஞ்சி சுருண்டு கருகியது. அம்மான் பச்சரிசி காய்ந்தது. அறுகம்புல் பச்சையாகவே இருந்தது. கோரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது எப்போதும் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. இத்தனை நாள் முட்டி தேயப் பிடுங்கியதை மருந்து ஒரு வாரத்தில் முடித்துவிட்டதே என்று பொற்கொடிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குத் தடுத்தது தப்போ என்றுகூட நினைத்தாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் அன்றைக்கு ஒருத்தர் மட்டும் வந்து தண்ணீர் விட்டுப் போக வேண்டும். அந்த வாரம் அவள் முறை. கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனால், கிழக்கு ஓரத்தில் இருந்த வேப்பமரத்தின் கீழே கொளஞ்சியப்பன் நின்றுகொண்டிருந்தார். டேங்க் இல்லை. வெளுத்த சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு கொத்து வேப்பிலை.

"லீவு நாளுல என்னாங்க இங்க?"

அவர் இலையை நீட்டினார். புதுத் துளிர். ஆனால் வேப்பிலை மாதிரியே இல்லை. ஒவ்வொன்றும் முறுக்கிக்கொண்டு, நரம்பு இழுத்த விரல் போல உள்பக்கம் மடங்கியிருந்தது. மரத்தின் ஒரு பக்கம் முழுக்க அப்படித்தான்.

"நாலு நாளாப் பாத்துகினு இருக்கேன். வேலை முடிஞ்சி போறப்பல்லாம் வந்து பாத்துட்டுப் போறேன்" என்றார். "நான்தான் அடிச்சேன். அன்னிக்கிக் காத்து இந்தப் பக்கம் திரும்பிச்சி. சரி, மரந்தானன்னு வுட்டுட்டேன்."

ஒரு மரத்துக்காக லீவு நாளில் வந்து நிற்கிற ஆம்பளையை அவள் அதுவரை பார்த்ததில்லை. நான்தான் அப்போதே கேட்டேனே என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "தண்ணி வுடலாம் வாங்க" என்றாள். இருவரும் ஹோஸ் குழாயை இழுத்துக்கொண்டு வந்து வேம்பின் அடியில் வெகுநேரம் தண்ணீர் விட்டார்கள்.

மறுநாள் தோட்டப் பிரிவு சூப்பர்வைசர் சத்யா ஸ்கூட்டியில் வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். விவசாயம் படித்தவள். யாரிடமும் சிடுசிடுக்காதவள். கொளஞ்சியப்பனே இலையைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினார். யார் மேலும் பழி போடாமல், தான் அடித்ததால் ஆனது என்றார். சத்யா மருந்து டப்பாவை வாங்கி மேலே எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இத யாருங்க வாங்கிக் கொடுத்தது? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே. இது அகல இலைச் செடிகளைக் கொல்ற மருந்து. புல்லோட இலை ஒல்லி, அதனால புல் தப்பிச்சிடும். வேப்பிலையும் தூங்குமூஞ்சி இலையும் இந்த மருந்துக்கு நெருஞ்சி இலை மாதிரிதான். மரம் எது, களை எதுன்னு அதுக்குத் தெரியாது."

"நான் மரத்து மேல அடிக்கலிங்க மேடம். காத்துல கொஞ்சம் பட்டதுதான்."

"காத்து மட்டும் இல்லண்ணா. வேர் இருக்குல்ல. கிளையோட நிழல் விழற இடத்தோட வேர் நின்னுடும்னு நினைச்சுக்கிறோம். அதையும் தாண்டி ரொம்ப தூரம் ஓடியிருக்கும். நாம நிக்கிறோமே, இந்தப் புல்லுக்கு அடியிலயும் அந்த ரெண்டு மரத்தோட வேர்தான். புல்லுல ஊத்துறது மரத்துக்கும் போய்ச் சேரும்."

பொற்கொடி தன் காலுக்குக் கீழே பார்த்தாள். மரத்தை விட்டு இவ்வளவு தள்ளி நிற்கிற இடத்திலும் மரம்தான் இருக்கிறது என்பது அவளுக்குப் புதிய சேதி. சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். ஏன் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சத்யா ஆபீசில் பேசி, அந்தப் பூங்காவில் இனி மருந்தே அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மறுபடி வந்து, செய்ய வேண்டியதையும் சொன்னாள். புல் வெட்டும் மிஷினில் பிளேடை உயர்த்தி வைத்து வெட்ட வேண்டும். புல் உயரமாக நின்றால் மண்ணில் வெயில் படாது, களை விதை முளைக்காது. தினமும் தெளிக்கிற தண்ணீரை நிறுத்திவிட்டு, விட்டு விட்டு ஆழமாகப் பாய்ச்ச வேண்டும். மரத்தடியில் உதிர்கிற சருகைக் கூட்டித் தள்ளாமல், அடிமரத்தை ஒட்டிக் குவியாதபடி பரப்பிவிட வேண்டும். மீதியைக் கையால்தான் பிடுங்க வேண்டும். "ஐப்பசி மழைக்குள்ள ஒரு வழிக்குக் கொண்டாந்துட்டா போதும். அதுவரைக்கும் கம்ப்ளெயின்ட் வந்தா நான் பாத்துக்கிறேன்."

மருந்து இல்லையென்றால் கொளஞ்சியப்பனுக்கு அங்கே வேலை இல்லை. அவர் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"களை புடுங்கறதுல என்னையும் சேத்துக்குவீங்களா மேடம்?"

"அது லேடீஸ் வேலைன்னு கூலி கம்மியா வச்சிருக்காங்கண்ணா."

"தெரியும்ங்க. அந்த வேம்பு தேறுதான்னு பாக்கணும்."

அவர் போனதும் கஸ்தூரியம்மாள் பொற்கொடியின் விலாவில் இடித்தாள். "வேம்பப் பாக்கவா நிக்கிறாரு அந்த மனுசன்?"

"போக்கா அந்தாண்ட" என்றாள் பொற்கொடி.

அப்படித்தான் மூன்று பேரும் வரிசையாகக் குந்தி உட்கார ஆரம்பித்தார்கள். முதல் நாள் தண்ணீர் பாய்ச்சி, மறுநாள் மண் இளக்கமாக இருக்கும்போது பிடுங்கினால் வேரோடு வந்தது. நெருஞ்சியைப் பூ மஞ்சளாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். காய் முள்ளாகிவிட்டால் எடுத்தும் பலனில்லை. கோரைக்குக் கீழே கிழங்கு இருக்கும். அதைக் களைக்கொத்தால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஆனால் மரத்தின் பக்கம் போனால் கொத்தைக் கீழே வைத்துவிட்டு விரலால் மட்டும். ஒருமுறை கொளஞ்சியப்பன் மண்ணை விலக்கியபோது விரல் பருமனில் ஒரு வேர் தெரிந்தது. மண்ணை மறுபடி இழுத்து மூடி, உள்ளங்கையால் தட்டிவிட்டார். தூளியில் தூங்குகிற பிள்ளையைத் தட்டுவது போல இருந்தது அது. பொற்கொடி பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டாள்.

குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து நடக்க வருகிறவர்கள் குறை சொல்லத்தான் செய்தார்கள். புல் காடாகக் கிடக்கிறது என்றார்கள், சருகைக் கூட்டாமல் சோம்பேறித்தனம் பண்ணுகிறார்கள் என்றார்கள். மருந்தடிக்கிற ஆள் பொம்பளைகளோடு குந்திக் களை பிடுங்குகிறான் என்று கொளஞ்சியப்பனோடு முன்பு வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. வருஷக்கணக்காக மருந்தைத் தொட்டுத் தொட்டு அவர் கைத்தோல் தடித்து, வெடித்துப் போயிருந்தது. சாப்பிட உட்காரும்போது, "நல்லா சோப்புப் போட்டுக் கழுவிகினு வாங்க" என்று பொற்கொடி விரட்டுவாள். கழுவிக்கொண்டு வந்து கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் சோற்றைத் தொடுவார். பிறகு அவளே வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து வைத்தாள்.

மூன்று தங்கைகளைக் கட்டிக் கொடுத்து முடிப்பதற்குள் தன் கல்யாண வயது போய்விட்டதாக ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்பது போலச் சொன்னார். "ஒத்தையா இருக்கறது பழகிடுச்சிங்க. ஒடம்புக்கு முடியலன்னாதான் கொஞ்சம் கஷ்டம். தண்ணி மொண்டு குடுக்க ஆளு இருக்காது."

அன்றைக்கு ராத்திரி பொற்கொடிக்கு அந்த வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. அவளுக்கும் அப்படித்தானே என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆவணியில் அவளுக்கு முட்டிவலி எடுத்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் கொளஞ்சியப்பன் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். உள்ளே கருப்பாக இரண்டு ரப்பர் துண்டுகள். சுரங்கத்தில் நிலக்கரி ஓடுகிற கன்வேயர் பெல்ட் தேய்ந்து கழித்துப்போட்டதை யாரிடமோ வாங்கி, முட்டி அளவுக்கு வளைவாக வெட்டி, உள்பக்கம் பழைய போர்வைத் துணியை மடித்துத் தைத்து, கட்டிக்கொள்ள நாடாவும் வைத்திருந்தார்.

"முட்டியில கட்டிகினு மண்டி போட்டு வேல செய்ங்க. வலி தெரியாது."

தையல் கோணல்மாணலாக இருந்தது. ஒவ்வொரு தையலிலும் நூலை மூன்று நான்கு தடவை சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். பொற்கொடி அதைத் தடவிப் பார்த்தாள். அப்போதே எடுத்து முட்டியில் கட்டிக்கொண்டாள்.

"ஏன், எங்களுக்குல்லாம் முட்டியே இல்லியா?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

அடுத்த வாரம் அவளுக்கும் ஒரு ஜோடி வந்தது. "இதுல தையல் கம்மியா இருக்குது, பாத்துக்க" என்று எல்லோரிடமும் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள் அவள்.

அந்தச் சிரிப்பு குள்ளஞ்சாவடி வரை போய்விட்டது. ஒரு நாள் முற்பகலில் வெண்மதி பூங்காவுக்கே வந்துவிட்டாள். பொற்கொடியும் கொளஞ்சியப்பனும் மேற்குப் பக்கத்தில் மண்டி போட்டுக் கோரைக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கையிலும் முழங்கை வரை மண். மகள் வந்து நின்றதைப் பார்த்ததும் பொற்கொடி களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க மாமியா கேக்குறாங்க" என்றாள் வெண்மதி. "உங்க அம்மா யாரு கூடயோ சுத்திகினு இருக்காங்களாமேன்னு. நான் என்னாம்மா பதில் சொல்றது?"

"சுத்தலடி. உக்காந்து களைதான் புடுங்கறோம்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் காதில் விழும் என்று தெரிந்தது. கஸ்தூரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். வெண்மதி சிரிக்கவில்லை. கொளஞ்சியப்பன் பக்கம் திரும்பினாள்.

"எங்க அம்மாவப் பத்தி நீங்க என்னா நெனச்சிகினு இருக்கீங்க?"

அவர் மெதுவாக எழுந்து நின்றார். "நல்லவிதமாத்தான் நெனச்சிகினு இருக்கேன்மா. கட்டிக்கிறீங்களான்னு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்குது. இன்னும் கேக்கல. மொதல்ல அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் உங்ககிட்ட வரணும்னு இருந்தேன். நீங்க முந்திகினீங்க."

வெண்மதி இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். "அப்படின்னா இப்ப கேளுங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

கொளஞ்சியப்பன் பொற்கொடியைப் பார்த்தார். கேட்டது கண்தான்.

"கையெல்லாம் மண்ணு" என்றாள் பொற்கொடி. "கழுவிகினு வரேன்."

குழாயடிக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. வெண்மதி பின்னாலேயே போனாள். தண்ணீர் திறந்தபடி ஓடிக்கொண்டிருக்க, அம்மா கையை அதன் கீழே நீட்டிக்கொண்டு நின்றாள். மண் எப்போதோ போயிருந்தது. வெண்மதி குழாயை மூடினாள்.

"உனக்குப் புடிச்சிருக்காம்மா?"

பொற்கொடி ஆமென்று தலையை ஆட்டினாள்.

"அப்பா போட்டோவ எடுத்துடுவியா?" கேட்கும்போதே வெண்மதிக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏன்டி எடுக்கணும்? மாட்டின எடத்துலதான் இருக்கும்." மகள் முகத்தைத் தன் ஈரக்கையாலேயே துடைத்தாள். பிறகு திரும்பி வந்து கொளஞ்சியப்பனிடம் சொன்னாள். "எங்கூட்டுக்குத்தான் நீங்க வரணும். அந்த வூட்ட வுட்டு நான் வர மாட்டேன். அங்க வெண்மதியோட அப்பா போட்டோ இருக்குது."

"இருக்கட்டும். அது அவரு வூடுதான" என்றார் கொளஞ்சியப்பன். "நான் வரேன்."

மாமியாரிடம் தான் பேசிக்கொள்வதாக வெண்மதி சொல்லிவிட்டுப் போனாள். பேசினாளா, சண்டை போட்டாளா என்பது தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து பேச்சு வரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தபோது புல்தரை தேறியிருந்தது. நெருஞ்சி அநேகமாக ஒழிந்துவிட்டது. பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடினார்கள். மேற்குப் பக்கத்துக் கோரை மட்டும் முழுசாகப் போகவில்லை. அதோடு அவர்கள் ஒரு மாதிரி சமாதானம் செய்துகொண்டார்கள். தூங்குமூஞ்சி மரங்கள் ஒடிந்த கிளைகளிலிருந்தெல்லாம் பக்கக் கிளை விட்டுக் குடை போலக் கவிழ்ந்தன. வேம்பு, முறுக்கிய இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு, மழைக்குப் பின்னால் நேரான இலை விட்டது. முதல் கொத்தைப் பார்த்த அன்றைக்குக் கொளஞ்சியப்பன் வேலை முடிந்தும் கிளம்பாமல் அதன் கீழேயே நின்றார். பொற்கொடியும் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அவரோடு நின்றாள்.

தை மாதம், தன் பெயருக்குரிய சாமியின் சன்னிதியிலேயே, மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் கொளஞ்சியப்பன் தாலி கட்டினார். அவருடைய தங்கைகள் மூன்று பேரும் குடும்பத்தோடு வந்து, அண்ணனைப் பார்த்துப் பார்த்து அழுதார்கள். பொற்கொடியின் முதல் புருஷன் வழிச் சொந்தத்தில் யாரும் வரவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் வலித்தது. சத்யா புடவையும் வேட்டியும் எடுத்து அனுப்பியிருந்தாள். கஸ்தூரியம்மாள் பட்டு உடுத்தி, மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் அதட்டிக்கொண்டு திரிந்தாள். தாலி கட்டும்போது அம்மாவின் பின்னால் நின்று கூந்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது வெண்மதிதான்.

இரண்டு நாள் கழித்து இருவரும் வேலைக்குப் போனார்கள். சாயங்காலம் ஒன்றாகப் பஸ் ஏறினார்கள். பொற்கொடிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தைப்பூசத்துக்கு வடலூர் போய்த் திரும்பிய கூட்டம், ஷிப்ட் முடிந்த கூட்டம், எல்லாமாகச் சேர்ந்து பஸ் நெரிந்தது. கல்யாண அலைச்சல், வேலைக் களைப்பு, எல்லாம் சேர்ந்து ஏறின கொஞ்ச நேரத்தில் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பஸ்ஸில் அவள் தூங்குகிறவளே இல்லை. தனியாகப் போய் வந்த வருஷங்களில் ஒரு நாளும் தூங்கியதில்லை.

முத்தாண்டிக்குப்பம் வந்தது. கண்டக்டர் ஊர் பெயரைச் சொல்லிக் கூவினான். கொளஞ்சியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். எழுப்பக் கையைத் தூக்கியவர் மறுபடி கீழே வைத்துவிட்டார். பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்த ஸ்டாப்பில் பிரேக் போட்ட குலுக்கலில் அவள் விழித்துக்கொண்டாள். வெளியே பார்த்துவிட்டுத் தூக்கிவாரிப் போட எழுந்தாள். இருவரும் அவசரமாக இறங்கினார்கள்.

"எறங்க வேண்டிய எடம் போயிடுச்சே. எழுப்பக் கூடாதா?"

"நல்லாத் தூங்கிகினு இருந்த."

"அதுக்கு?"

சாப்பாட்டுத் தூக்கை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் புதிதாக வைத்த முந்திரிக் கன்றுகள் இடுப்பளவு நின்றன. வந்த வழியே இருவரும் திரும்பி நடந்தார்கள். அவளுக்கு முட்டி வலிக்குமே என்று அவர் மெதுவாக நடந்தார். அவருக்காக அவளும் மெதுவாக நடந்தாள்.